இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவில்

குருபரப்பள்ளியில் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்காக நான் காத்து நிற்கும் விடியற்காலைகளிலும் அந்திப் பொழுதுகளிலும், என் சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இடையே, கிருஷ்ணகிரி ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஸ்பைரல் போட்டுக் கட்டிய பழைய புத்தக நகல் ஒன்று சில மாதங்களாகக் குடியிருந்து வருகிறது. ஜப்பானிய அங்கி தரித்த இருவர் ஒருவர் கழுத்துப்பட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு நிற்கும் மங்கலான படம் அதன் முதற்பக்கத்தில் இருப்பதால், பக்கத்து இருக்கைக்காரர் எவரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. "என்ன சார், இந்த வயசுல கராத்தேவா?" என்பது வழக்கமான கேள்வி. கராத்தே அல்ல, ஜியு-ஜிட்ஸு என்று திருத்துவதில் பிரயோஜனம் இல்லை என்று கண்டுகொண்டபின், "ஆமாம்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

கல்லூரி நாட்களில் சேலத்தில் இரண்டு வருஷம் ஜூடோ பயின்றேன். பிறகு உத்தியோகம், குடும்பம், இரவு ஷிப்ட் என்று இருபது வருஷம் அதை மறந்திருந்தேன். இப்போது ஞாயிறுதோறும் ஒசூரில் ஒரு மாடியில் பாய் விரித்த பயிற்சிக்கூடத்துக்குப் போய், என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் அந்தப் பிள்ளைகள் நல்லவர்கள்; என்னை மெதுவாகவே நெரிப்பார்கள். அவர்களில் ஒருவன் ஒரு நாள் என் ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நூறு வருஷப் பழசு. யூட்யூபுல எல்லாமே இருக்கே, இதுல என்ன கிடைக்கும் உங்களுக்கு?" என்று கேட்டான். அன்று அவனுக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

ஜூடோவை ஸ்தாபித்த ஜிகோரோ கானோ, இளமையில் மெலிந்த சரீரமும் பிறரிடம் அடி வாங்கிய அனுபவமும் உடையவராய், ஜியு-ஜிட்ஸு கற்க ஆசைப்பட்டு ஆசிரியரைத் தேடியபோது, அந்தக் கலை பழைய காலத்துச் சரக்கென்று ஜப்பானியர்களாலேயே ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. அவர் கையாண்ட உபாயம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும்: எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களைத் தேடிப் போனார். முறிக்கத் தெரிந்தவனுக்கே கட்டத் தெரியும் என்பது அங்கும் சம்பிரதாயம். கைகால் பிசகினால் இன்றும் புத்தூர்க் கட்டுக்கு வண்டி ஏறுகிற நம் பிரதேசத்தில், கட்டுப் போடும் பெரியவரின் தாத்தா கம்பு வீசியிருப்பார் என்று நாம் ஊகிப்பதில்லையா, அதே ஊகந்தான். யாகி என்ற வைத்தியர் தம் தோழராகிய ஃபுகுடா ஹச்சினோசுகேயிடம் அனுப்ப, 1877-ல் கானோவின் பாடம் தொடங்கியது.

அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுகுஷிமா என்ற கனத்த சரீரி ஒருவர் இருந்தார். கானோ எதைச் செய்தும் அவரை அசைக்க இயலவில்லை. சூமோ மல்லர்களின் பிடிகளை விசாரித்து முயன்றார், பலிக்கவில்லை. கடைசியில் தோக்கியோவில் நூலகத்துக்குப் போய், மேனாட்டு மல்யுத்தத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டி, எதிராளியின் கீழே புகுந்து அவரைத் தோள்களின் மேல் குறுக்காகத் தூக்கி எறியும் ஒரு முறையைக் கண்டெடுத்து, அதைச் சில நாள் அப்பியாசம் செய்து, ஃபுகுஷிமாவைத் தூக்கி எறிந்தார். இன்று 'கடா-குருமா' என்ற பெயரால் உலகமெங்கும் கற்பிக்கப்படும் எறிமுறை இவ்வாறுதான் ஜூடோவுக்குள் வந்தது என்று சொல்லப்படுகிறது. ஜூடோவின் மூலபுருஷரே ஒரு முறையைப் புத்தகத்திலிருந்து, அதிலும் அயல்நாட்டுப் புத்தகத்திலிருந்து கற்றார் என்பதை, 'புத்தகம் பார்த்துச் சண்டை கற்க முடியுமா' என்று ஏளனம் செய்கிறவர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஃபுகுடாவின் பாயில் அவர் எத்தனை முறை விழுந்து எழுந்திருப்பார்! ஒரு குறிப்பிட்ட மனிதனின் குறிப்பிட்ட பாரத்தை எப்படி அசைப்பது என்ற கேள்வியை முதுகெலும்பில் சுமந்துகொண்டு போனவருக்கு அந்தப் பக்கம் பேசியது. அதே நூலகத்தில் அதே பக்கத்தைப் புரட்டிய வேறு வாசகர்களுக்கு அது வெறும் படமாகவே இருந்திருக்கும்.

நான் வாசிக்கும் புத்தகங்கள் இதற்குப் பிற்பட்டவை. 1900-க்கும் 1914-க்கும் இடையே லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சானவை. பார்ட்டன்-ரைட் என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் பொறியாளராகப் பணிபுரிந்துவிட்டு நாடு திரும்பி, ஜியு-ஜிட்ஸு, குத்துச்சண்டை, கைத்தடிச் சண்டை முதலியவற்றைக் கலந்து, தம் பெயரையும் அதில் சேர்த்து, 'பார்ட்டிட்ஸு' என்று ஒரு முறையை வகுத்துப் பத்திரிகையில் எழுதினார். 1900-ல் யூகியோ தானி, சதகசு உயெனிஷி என்ற இளைஞர்களை ஜப்பானிலிருந்து லண்டனுக்கு வரவழைத்தார். ஷெர்லக் ஹோம்ஸ் அருவியிலிருந்து உயிர் தப்பியது எப்படி என்று விளக்க வந்த கானன் டாயில், 1903-ல் இந்தப் பெயரை எழுத்துப் பிசகோடு எழுதி அமரத்துவம் கொடுத்துவிட்டார். பார்ட்டன்-ரைட் லண்டனில் நடத்திய பயிற்சிச் சங்கமோ 1902-லேயே மூடப்பட்டது. அவர் 1951-ல் வறுமையில் மாண்டார். ஆனால் நூறு வருஷம் கழித்து, அவர் எழுதிய பத்திரிகைக் கட்டுரைகளையும் அவற்றின் நிழற்படங்களையும் மாத்திரம் வைத்துக்கொண்டு, சில ஆர்வலர்கள் அந்த முறையை மறுபடி பயில ஆரம்பித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டு வாட்போர்ச் சுவடிகளை வைத்து இதே காரியத்தை இன்னும் பெரிய அளவில் செய்கிறார்கள். குரு பரம்பரை அறுந்துபோன இடத்தில் காகிதம் குருவாக நிற்பது, நிறைவானதன்று. ஆனால் ஒன்றுமில்லாமைக்கு மேல்.

எல்லாக் காகிதமும் குருவாகிவிடாது என்பதற்கு உதாரணம், 1905-ல் ஹான்காக் என்ற அமெரிக்கரும் ஹிகாஷி என்ற ஜப்பானியரும் சேர்ந்து வெளியிட்ட பெரும் புத்தகம். பையன்களுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்றவர் ஹான்காக். புத்தகத்தின் தலைப்பில் கானோவின் பெயர். ஜப்பானிய அரசாங்கமே அங்கீகரித்த முறை என்ற பெருமிதம் வேறு. உள்ளே இருப்பதோ கானோவின் பள்ளியில் கற்பித்த பாடம் அல்ல. அந்த வருஷமே நியூயார்க்கில் ஜார்ஜ் பாத்னர் என்ற சிறிய உருவமுடைய அமெரிக்க மல்லரிடம் ஹிகாஷி தோற்றுப்போனார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது. பழைய நூல் என்பதனாலேயே பிரமாணம் என்று கைகட்டி நிற்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அச்சேறிய பொய்யும் நூறு வருஷமானால் பழைய நூல்தான்.

இதற்கு நேர்மாறானது அதே 1905-ல் உயெனிஷி எழுதிய சிறிய பாடநூல். என் சாப்பாட்டுப் பையில் இருப்பது அதுதான். எதிரியைக் கொல்வது எப்படி என்று தொடங்காமல், சமநிலை என்பது என்ன, விழுவது எப்படி என்று தொடங்குகிறார். நகரும் படச்சுருளிலிருந்து எடுத்த தொடர்ப் படங்களைச் சேர்த்திருக்கிறார். ஒரே அசைவை அடுத்தடுத்த நிலைகளாகப் பார்க்கலாம். சினிமா பிறந்து பத்து வருஷந்தான் ஆகியிருந்த காலத்தில் இந்த யுக்தி அவருக்குத் தோன்றியது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அவருடைய பள்ளியில் பயின்ற எமிலி வாட்ஸ் என்ற பெண்மணி 1906-ல் தாமே ஒரு நூல் எழுதினார். அங்கே பயின்ற இன்னொரு மாது எடித் காரட், வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் தலைவியைப் போலீசாரிடமிருந்து காத்த மெய்க்காவல் படைக்கு 1913 வாக்கில் பயிற்சி கொடுத்தார். அறுபது கிலோ கூட இல்லாத பெண் ஒருத்தி வாட்டசாட்டமான கான்ஸ்டபிளைக் கீழே தள்ளும் நுட்பம் எடையைப் பற்றிய சாஸ்திரமாகத்தானே இருக்க முடியும்?

இந்த நூல்களால் என் சொந்தத் தேகத்துக்குக் கிடைத்த லாபம் ஒன்றைச் சொல்லாவிட்டால் அந்தப் பையன் நம்பமாட்டான். அக்காலத்துப் புத்தகங்களில் மணிக்கட்டைப் பிடித்தவனிடமிருந்து விடுபடும் முறை பக்கம் பக்கமாக வரும். இன்றைய போட்டிப் பயிற்சியில் யாரும் வெறும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆகையால் அந்தப் பக்கங்களை நான் புன்னகையோடு தாண்டிப் போனவன்தான். ஒசூர்ப் பாயில் ஒருவன் என் அங்கியின் கைப்பட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டால் ஐந்து நிமிஷமும் நான் அவன் அடிமை; இழுப்பேன், உதறுவேன், மூச்சு வாங்கும். ஒரு நாள் இரவு ஷிப்ட் இடைவேளையில் அதே பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது, நாலு விரலும் ஒரு பக்கம், பெருவிரல் மட்டும் ஒரு பக்கம், பிடியின் வாசல் அந்தச் சந்திலேதான் இருக்கிறது என்பது முதன்முதலாக என் புத்தியில் தைத்தது. மறு ஞாயிறு, கையை இழுக்காமல், முழங்கையை அவன் பக்கம் கொண்டுபோய், பெருவிரல் சந்தை நோக்கி மணிக்கட்டைச் சுழற்றினேன். பட்டை கழன்று வந்தது. பயிற்சியாளர் இதை எனக்கு ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்! சொல்லியிருப்பார். காதில் விழாதது கண்ணில் விழுந்தது.

இன்னொரு லாபம் வேறு வகையானது. ஒரு கலை விளையாட்டாகும்போது விதிகள் வருகின்றன. விதிகள் வரும்போது சில பக்கங்கள் கிழிகின்றன. ஜூடோ போட்டிகளில் முழங்கை தவிர்ந்த மூட்டுகளைப் பூட்டுவது காலக்கிரமத்தில் விலக்கப்பட்டது. மாணவர்களின் முழங்காலைக் காப்பாற்றிய நல்ல விதி அது. ஆனால் கணுக்காலைக் கட்டும் முறைகள் இந்தப் பழைய நூல்களில் நிற்கின்றன. இன்றைய ஜியு-ஜிட்ஸு இளைஞர்கள் அவற்றைப் புதிய கண்டுபிடிப்பைப்போல் கொண்டாடுகிறார்கள். அதே சமயம், எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. மயங்கி விழுந்தவனை முதுகில் தட்டியும் வயிற்றில் அழுத்தியும் எழுப்பும் 'குவாட்ஸு' அத்தியாயத்தை ஆவலோடு படித்தேன். ஆனால் பாயில் ஒருவன் மயங்கிக் கண் விழிக்காவிட்டால் 108-ஐத்தான் கூப்பிடுவேன், ஹான்காக்கை அல்ல.

அடிக்கும் முறையும் எழுப்பும் முறையும் ஒரே கட்டுக்குள் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு நம் வர்ம நூல்கள் நினைவுக்கு வந்தன. உடம்பில் 108 வர்மங்கள், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கிட்டு, எங்கே பட்டால் என்ன ஆகும், எவ்வாறு இளக்கி எழுப்புவது என்று பாட்டாகச் சொல்லும் ஏடுகள், குமரி மாவட்டத்து ஆசான்களிடம் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு, 'வர்மக் கண்ணாடி', 'வர்ம சூத்திரம்' முதலான பெயர்களில் அச்சிலும் வந்திருக்கின்றன. வாங்கிப் படித்தால், கொண்டைக்கொல்லி, திலர்த வர்மம், தும்மிக்காலம் என்று பெயர்கள் அணிவகுத்து வரும். அந்தப் பெயரை ஒரு விரலாக மாற்ற ஆசான் வேண்டும். ஜப்பானியரின் பழைய சுருள்களும் இப்படியேதான். ஒரு பள்ளியின் வித்தை முழுவதையும் கற்று முடித்த மாணவனுக்குக் கொடுக்கும் சுருளில் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலே இருக்கும்: நீரோட்டம், மாலை மழை, பனிப் பாரத்தில் முறிதல் என்று கவிதைபோலப் பெயர்கள். அன்னியன் கையில் அகப்பட்டால் அது காகிதம். கற்றவன் கையில் ஞாபகக் கயிறு. ஒளித்து வைக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கும். ஆனால் அதைவிட, எழுத வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது என்பதே உண்மைக்கு நெருக்கம் என்று நினைக்கிறேன். லண்டன் பாடநூல்களின் விசேஷம் இதில்தான் இருக்கிறது: முன்பின் அறியாத அன்னியனுக்கு, அவன் பக்கத்தில் குரு இல்லை என்று தெரிந்தே, இந்தக் கலையைச் சொல்ல முயன்ற முதல் தலைமுறை நூல்கள் அவை. ஆகையால் எதைச் சொன்னால் போதும் என்று அவர்கள் தவித்த தவிப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் தொங்கும். இன்னின்ன படியாக இதைக் கழற்று, இன்னின்ன படியாகப் பூட்டு என்று. சென்ற வருஷம் ஓய்வு பெற்ற மூத்த ஃபிட்டர் ஒருவர் பேரிங் ஒன்றைப் பூட்டினால் அது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும்; அதே தாளைப் பார்த்து நாங்கள் பூட்டினால் ஆறு மாதத்தில் முனகும். தாளில் பன்னிரண்டு படிகள் இருக்கின்றன. அவர் பதின்மூன்று செய்து வந்தார் என்று இப்போதுதான் சந்தேகப்படுகிறோம்.

அதே தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜைக்காரர் கன்னடியர், மைசூர்ப் பக்கம். விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜெட்டி மல்லர்கள் தலையை மழித்துக்கொண்டு, விரல்களில் வஜ்ரமுஷ்டி என்ற ஆயுதத்தைப் பூட்டி, ரத்தம் தெரிந்த மாத்திரத்தில் நின்றுவிடும் அந்தச் சில நிமிஷப் போரை அவர் வர்ணித்தால் நாலு பேர் டீயை ஆறவிட்டுக் கேட்பார்கள். அவர் தேசத்தில்தான், கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 'மானசோல்லாசம்' என்ற சம்ஸ்கிருதக் கலைக்களஞ்சியத்தில் மல்லர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, அவர்களை வயதாலும் வலிமையாலும் தரம் பிரித்து, உணவு, அப்பியாசம், பிடிகள் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். எழுதியவன் அரசன், மல்லன் அல்லன். இருந்தும் ஒரு மல்லனுக்கு எவ்வளவு சோறு, எந்த நாளில் எந்தப் பயிற்சி என்று கேட்டுக் கேட்டு எழுதிய அந்த ஆர்வத்தை நான் வணங்குகிறேன். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களில் வில்லும் குறுவாளும் ஏந்திச் செத்த வீரர்கள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அவர்கள் எப்படி அடியெடுத்து வைத்தார்கள் என்று கேட்டு எழுத ஒரு சோமேசுவரன் இந்தப் பக்கம் வாய்க்கவில்லை போலும். கல் ஒரு நிலையைத்தான் காட்டும்.

ஜியு-ஜிட்ஸுவே இந்தியாவுக்கு வந்து ஆசிரியரோடு சில காலம் வாழ்ந்த கதையும் உண்டு. ரவீந்திரநாத தாகூர் தம் சாந்திநிகேதனப் பள்ளிக்கு 1905-ல் சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியரை வரவழைத்து மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கச் செய்தார். சானோ பிற்காலத்தில் தாகூரின் 'கோரா' நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர். பின்னர் 1929-ல் கானோவின் பள்ளியில் தேர்ந்த டகாகாகி ஷின்சோவைத் தாகூர் அழைத்து வந்தார். ஆண்களோடு பெண்களும் பயின்றார்கள். 1931-ல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன் செய்து காட்டினார்கள். அதற்கென்று கவி ஒரு பாட்டும் எழுதினார். ஆனால் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்து நடத்தப் பொருள் கிட்டவில்லை. டகாகாகி இந்தியாவை விட்டுப் போனார். 1957-ல் ஹரோல்ட் ஷார்ப் என்பவரோடு சேர்ந்து ஜூடோ நுட்பங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது இன்றும் வாசிக்கப்படுகிறது. சாந்திநிகேதனத்துப் புல்வெளியில் அவரிடம் நேரில் விழுந்து எழுந்தவர்களின் தேகங்கள் மறைந்துவிட்டன. எங்கோ தூரத்தில் அச்சான புத்தகத்தில் அந்தக் கையின் பாடம் நிற்கிறது. அதைப் புரட்டும்போதெல்லாம், அந்தப் பெண்களில் ஒருத்தி ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது.

இனி, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயம். எங்கள் ஊருக்குச் சற்று உள்ளே, மாந்தோப்பு ஒன்றைக் காவல் பார்க்கும் சிலம்ப வாத்தியார் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். சென்ற மாதம் அவரிடம் ஸ்பைரல் புத்தகத்தையும் ஹான்காக்கின் சில பக்கங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஹான்காக்கின் படங்களை நாலைந்து பக்கம் பார்த்தார். "இது போட்டோவுக்கு நிக்கிறவங்க சாமி. கீழ விழுறவன் முகத்தைப் பாரு, பயமே இல்ல" என்று தள்ளி வைத்தார். உயெனிஷியின் படத்தொடர் ஒன்றை எடுத்தவர் வெகுநேரம் பேசவில்லை. முகங்களை அவர் பார்க்கவேயில்லை. விரலால் கால்களை மட்டும் ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டு போனார், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

"இதுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு அடி வுட்டுப்போச்சு" என்றார். இரண்டாம் படத்தையும் மூன்றாம் படத்தையும் காட்டினார். "இங்க பாரம் வலது கால்ல இருக்குது. அடுத்ததுல இடது கால்ல இருக்குது. மாத்தினது எப்போ?"

அந்த எறிமுறையை நான் மூன்று மாதமாக ஒசூரில் செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் எதிராளியோடு நானும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தேன். வாத்தியாருக்கு அதை நான் சொல்லவில்லை.

"எந்திரிங்க" என்றார். களத்து மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவர் என் சட்டையைப் பிடிக்கவில்லை. இரண்டு விரலை என் தோளில் வைத்து, வலது பாதத்தை ஒரு சாண் அளவு பின்னால் இழுத்து வைக்கச் சொன்னார், பிறகு அதை மறுபடி எடுக்கச் சொன்னார். நான் எடுக்கும்போது தோளிலிருந்த விரல்கள் அழுத்தியதா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மாம்பூவும் புழுதியும் கலந்த தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அந்த அடிதான்" என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, இரண்டு படங்களுக்கும் நடுவேயிருந்த வெள்ளை இடத்தில் ஒரு பாதத்தைச் சிறிதாக வரைந்துவிட்டு, புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.